கொள்ளை நோயின் நடுவே டாக்டர் வூ

பேகம்பேட்டையில் பழைய விமான நிலையத்தை ஒட்டினாற்போல் ஒரு சிறு கட்டடம் இருக்கிறது. நம் சங்கத்து நண்பர்களுள் பலர் அவ்வழியே பஸ்ஸில் போயிருப்பீர்கள். இறங்கிப் பார்த்தவர் மிகச் சிலரே. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட இடம் அது. ராஸ் பின்னர் லிவர்பூல் நகரம் சென்று, வெப்பநாட்டு நோய்களுக்கான கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் பினாங்கிலிருந்து வந்த சீன இளைஞர் ஒருவர் உண்டு. வூ லியன்-டே என்பது அவர் பெயர்.

அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் சித்தி. அவர் தென்பாண்டிச் சீமையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். 2020இல் கொரோனா பரவியபோது தமிழ்நாட்டு அரசே கபசுரக் குடிநீர் வழங்கியது நினைவிருக்கும். சித்தி நாள்தோறும் அதைக் குடித்துவிட்டு, முகக்கவசத்தையும் இறுகக் கட்டிக்கொண்டு, நோயாளிகளிடம் போவார். விஞ்ஞானம் படிக்கப் போகிறவன் என்ற உரிமையில், இவ்விரண்டில் எது தம்மைக் காக்கிறது என்று ஒரு நாள் தொலைபேசியில் என்னைக் கேட்டுவிட்டார். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் விழித்தேன். பிற்பாடு அறிந்தேன், ஏறத்தாழ இதே கேள்வி 1910ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் மஞ்சூரியாவில் எழுந்தது என்பதை. அங்கே தவறான விடை சொன்னவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

வூ 1879ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை பொற்கொல்லர், சீனாவின் குவாங்டுங் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர். பினாங்கு என்றால் நமக்கு அந்நியமா? நாகப்பட்டினத்துக் கப்பல்கள் போய் நின்ற துறையல்லவா அது! வூ அங்கே ஆங்கிலப் பள்ளியில் படித்து, அரசியார் உதவிச் சம்பளம் பெற்று, 1896இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே மருத்துவம் பயின்ற முதல் சீனர் அவரே. லண்டன், லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ் என ஆராய்ச்சி முடித்து 1903இல் மலாயா திரும்பினார். அபினிக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அபினி வணிகத்தில் பெரும் பணம் புரண்ட காலம் அது. அவருக்குப் பகைவர் பெருகியதில் வியப்பில்லை. 1908இல் தியன்சின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணைத் தலைவராகச் சீனா சென்றார். ஒரு வேடிக்கை: சீனரான அவருக்கு வடநாட்டுச் சீன மொழி அப்போது சரளமாக வராது. ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் தெலுங்கும் உருதும் புரியாமல் நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கே ஹார்பின் நகரில் மக்கள் காய்ச்சலும் இருமலும் கண்டு, இரத்தம் கக்கி, ஓரிரு நாளில் மாண்டனர். மர்மட் என்னும் பிராணியின் தோலுக்காக வேட்டையாடச் சென்றவர்களிடையே தொடங்கிய நோய் அது. டிசம்பர் 24ஆம் நாள் வூ அங்கே போய்ச் சேர்ந்தார். வயது 31. மூன்றாம் நாள், இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை மறைவாக அறுத்துச் சோதித்து, நுரையீரலில் பிளேக் கிருமியைக் கண்டார்.

பிளேக் என்றதும் அந்நாள் மருத்துவர் அனைவருக்கும் எலிதான் நினைவுக்கு வரும். 1896இல் பம்பாயில் தொடங்கி நம் நாட்டைச் சூறையாடிய பிளேக், எலியின் தெள்ளுப்பூச்சியால் பரவியது. ஆனால் ஹார்பினில் எலிகளை அறுத்து அறுத்துப் பார்த்தும் கிருமி அகப்படவில்லை. இது மனிதனின் இருமலில் பறக்கும் துளிகளால் நேரே மனிதனுக்குத் தொற்றுகிறது என்றார் வூ. நுரையீரல் பிளேக்! அப்படியானால் நோயாளிக்கு மிக அருகில் இருப்பவர் யார்? மருத்துவரும் செவிலியரும் பிணம் தூக்குவோருமே. எனவே பஞ்சை இடையே வைத்து மெல்லிய துணியை மடித்துக் கட்டும் ஒரு முகக்கவசத்தை அவர் வகுத்தார். அறுவை மருத்துவர்கள் முன்பே துணி கட்டியதுண்டு. கொள்ளை நோயின்போது ஊழியர் அனைவருக்கும் அதைக் கட்டளையாக்கியதுதான் புதுமை.

எல்லோரும் கேட்டார்களா? இல்லை. தியன்சினிலிருந்து வந்த பிரெஞ்சு மருத்துவப் பேராசிரியர் மெஸ்னி, வூவைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இளைஞரான ஒரு சீனர் தமக்குப் பாடம் சொல்வதா என்று எண்ணினார் போலும். கவசமின்றியே நோயாளிகளைச் சோதித்தார். 1911 ஜனவரி 11ஆம் நாள் இறந்தார். அதன் பின்னரே நகரமெங்கும் கவசம் ஏறியது.

மறுபுறம் சீன நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் நோயாளியைக் கைவிட்டு ஓடவில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நாடி பார்ப்பதும் நாக்கைப் பார்ப்பதும் அவர்களுடைய முறை. நம் சித்த வைத்தியத்தைப் போலவேதான். நாக்கைப் பார்க்க முகத்தை முகத்தருகே கொண்டுபோக வேண்டும். எந்த மூலிகையும் அந்த மூச்சுக்கு அணை போடவில்லை. சாங்சுன் நகரில் அவ்வைத்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். முக்டன் நகரத்து வணிகர்கள் நாட்டு வைத்தியர்களைக் கொண்டே தனி மருத்துவமனை ஒன்று திறந்தனர். சில நாட்களில் வைத்தியர்களும் இறக்க, அதை மூட நேர்ந்தது. மேல்நாட்டு மருத்துவத்தைக் கரைத்துக் குடித்த மெஸ்னியும், பரம்பரைச் சுவடிகளைக் கற்ற வைத்தியர்களும் ஒரே காரணத்தால்தான் இறந்தார்கள் என்பது என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. பட்டம் எங்கே பெற்றது என்று கிருமி விசாரிப்பதில்லையே!

புதைக்க முடியாதபடி மண் உறைந்து கிடந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் வெட்டவெளியில் அடுக்கிக் கிடந்தன. முன்னோர் உடலை எரிப்பது சீனருக்குப் பெரும் பாவம். வூ பேரரசின் அனுமதி பெற்று, சீனப் புத்தாண்டை ஒட்டி, ஜனவரி 31ஆம் நாள் எரியூட்டினார். நோயாளியோடு பழகியவர்களைத் தனித்து வைக்க இரயில் பெட்டிகளை வாங்கினார். மார்ச்சு 1ஆம் நாளோடு ஹார்பினின் சீனப் பகுதியில் நோய் நின்றது. மஞ்சூரியாவில் மாண்டவர் தொகை ஏறக்குறைய 60,000. ஏப்ரலில் முக்டன் நகரில் கூடிய பன்னாட்டு பிளேக் மாநாட்டுக்கு வூவே தலைமை தாங்கினார்.

இவ்வளவையும் கண்ணால் கண்டவர் பழைய வைத்தியத்தைத் தூக்கி எறிந்திருப்பார் என்றுதான் நான் எண்ணினேன். அப்படியில்லை. தம் நண்பர் வாங் ஜிமின் என்பவருடன் சேர்ந்து சீன மருத்துவத்தின் வரலாற்றையே ஆங்கிலத்தில் பெருநூலாக எழுதி 1932இல் வெளியிட்டார். ஒன்றின் வரலாற்றைப் போற்றுவது வேறு, ஆளின் உயிரை அதனிடம் ஒப்படைப்பது வேறு என்ற தெளிவு அவரிடம் இருந்தது. நம்மவர்களோ கசாயத்தைத் தெய்வமாக்குகிறோம், இல்லையேல் கேலி செய்கிறோம்.

இக்கேள்வி அவரோடு முடியவுமில்லை. 2003இல் ஹாங்காங்கில் சார்ஸ் நோய் மருத்துவமனை ஊழியர்களையே குறிவைத்துத் தாக்கியது. அங்கே 11 மருத்துவமனைகளில் 1,063 ஊழியர்கள் சீன மூலிகைக் கலவையொன்றை இரண்டு வாரம் உட்கொண்டனர். அவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. உட்கொள்ளாத 15,374 பேரில் 0.4 சதவீதத்தினருக்கு வந்தது. கேட்க அற்புதமாக இருக்கிறதல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே விகிதத்தில் 1,063 பேரில் நான்கு பேருக்குத்தான் வந்திருக்க வேண்டும். நான்குக்கும் சுழிக்கும் உள்ள வேறுபாட்டை முற்றும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மருந்தை விரும்பி உட்கொண்டவர்கள் கை கழுவுவதிலும் கவசம் கட்டுவதிலும்கூட மற்றவரைவிடக் கருத்தாக இருந்திருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையன்று அது.

இதைச் சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கசாயத்தை விடப் போவதில்லை என்றார். ஆனால் கவசம் தீர்ந்துபோன நாளில் கசாயத்தை நம்பி வார்டுக்குள் போனதில்லை என்றும் சொன்னார். வூவின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர் அவர்.

வூவின் பிற்கால வாழ்வு எளிதாக இருக்கவில்லை. 1920, 1921 ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பிளேக் மறுபடி தலைதூக்கியது. முன்பே அவர் அமைத்திருந்த தடுப்புப் பணியினால் சாவு பல மடங்கு குறைந்தது. 1930இல் சீனத் துறைமுகங்களின் நோய்த் தடுப்புத் துறைக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டு மஞ்சூரியாவில் ஜப்பானியர் அவரை ஒற்றர் என ஐயுற்றுப் பிடித்து வைத்தனர். 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1937இல் போர் மூண்டதும் மலாயாவுக்கே திரும்பி, ஈப்போ நகரில் சாதாரண மருத்துவராக அமர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்தார். 1959இல் தன் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1960 ஜனவரி 21ஆம் நாள், பிறந்த பினாங்கிலேயே, தம் 80ஆம் வயதில் காலமானார்.