மாதா கல்லூரியின் பயிற்றுநர் நூட் றொக்னி



புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவரை நாம் எவ்வளவு விரைவில் தீர்ப்பிட்டு விடுகிறோம்! பாடசாலைக்குப் புதிய அதிபர் வந்தாலும், பங்குக்குப் புதிய குருவானவர் வந்தாலும், முதல் ஆண்டு முடியுமுன்பே அவரைத் தராசில் இட்டுப் பார்க்கிறோம். விளையாட்டு உலகில் இது இன்னும் கடுமை. அமெரிக்க நாட்டிலே ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியை 1918ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஒரு மனிதரின் கதையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் நூட் றொக்னி.

றொக்னி 1888 மார்ச் 4ஆம் திகதி நோர்வே நாட்டின் வொஸ் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் லூதரன் சபையைச் சேர்ந்தது. தந்தை வண்டி செய்யும் தொழிலாளி. சிக்காக்கோ நகரில் 1893இல் நடைபெற்ற உலகக் கண்காட்சியையொட்டி அவர் அமெரிக்கா செல்ல, குடும்பமும் அங்கே குடியேறியது. சிறுவன் நூட்டுக்கு அப்போது ஐந்து வயது. உயர்தரப் பாடசாலைக் கல்வி இடையில் நின்றது. மேற்படிப்புக்குப் பணமில்லை. எனவே சிக்காக்கோ தபாற் கந்தோரில் ஆண்டுக்கணக்காக வேலை செய்து, கூலியில் மிச்சம் பிடித்து, 22ஆவது வயதில், 1910இல், இந்தியானா மாநிலத்திலுள்ள நொத்தர்டேம் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்தார். உடன் படித்தவர்களுள் அவரே மூத்தவர்களில் ஒருவர்.

நொத்தர்டேம் என்றால் எம் அன்னை என்று பொருள். திருச்சிலுவைச் சபைக் குருவான வண. எட்வேட் சோறின் அடிகளார் 1842இல் தேவதாயின் பெயரால் நிறுவிய கல்விக்கூடம் அது. கத்தோலிக்கரல்லாத றொக்னி அங்கே வந்தது அவரது வாழ்வையே மாற்றியது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் ஆடும் ஆட்டமன்று. அது றக்பிக்கு நெருங்கியது. நீள்வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னேறும் ஆட்டம். பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906இல் விதி இடம்கொடுத்தும், பல அணிகள் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 1913ஆம் ஆண்டுக் கோடையில் றொக்னியும் அவர் தோழர் கஸ் டொறேயும் ஒகாயோ மாநிலத்தின் சீடார் பொயின்ற் ஏரிக்கரையில் வேலை பார்த்தார்கள். ஓய்வு நேரமெல்லாம் மணலில் ஓடி, ஒருவர் எறிய மற்றவர் ஏந்திப் பழகினார்கள். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் திகதி, பலம் வாய்ந்த இராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 35க்கு 13 என்று நொத்தர்டேம் வென்றது. பெயர் தெரியாதிருந்த கத்தோலிக்கக் கல்லூரியை நாடு திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டு மருந்தியலில் சிறப்பாகத் தேறிய றொக்னி அங்கேயே தங்கினார். வண. யூலியஸ் நியூலண்ட் அடிகளாரின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராகவும், அணியின் துணைப் பயிற்றுநராகவும் இருந்தார். பின்னாளில் செயற்கை இறப்பர் உருவாக வழிகோலிய ஆய்வு அந்த அடிகளாருடையது. 1918இல் தலைமைப் பயிற்றுநர் ஜெஸி ஹாப்பர் விலகி, கன்சாஸ் மாநிலத்துக்குப் பண்ணை நடத்தச் செல்ல, 30 வயது றொக்னியிடம் அணி ஒப்படைக்கப்பட்டது.

எத்தகைய காலத்தில் என்று எண்ணிப் பாருங்கள். முதலாம் உலக யுத்தம் முடியவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் படைக்குப் போய்விட்டனர். எஞ்சியவர்களோ கல்லூரிக்குள்ளேயே போர்ப்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். முதலாண்டு மாணவர்களையும் மைதானத்தில் இறக்க வேண்டியதாயிற்று. செப்டெம்பர் 28ஆம் திகதி கேஸ் கல்லூரியை 26க்கு 6 என்று வென்று பருவம் தொடங்கியது. உடனே உலகெங்கும் உயிர்களை வாரிக்கொண்ட விஷக்காய்ச்சல் அங்கும் வந்து சேர்ந்தது. ஒக்ரோபர் மாதம் முழுவதும் ஓர் ஆட்டமும் இல்லை.

ஐந்து வாரத்தின் பின் மீண்டும் திரண்டார்கள். நவம்பர் 2ஆம் திகதி வபாஷ் கல்லூரியை 67க்கு 7 என்று வீழ்த்தினார்கள். 9ஆம் திகதி கிறேற் லேக்ஸ் கடற்படை அணியோடு 7க்கு 7 என்று சமநிலை. இரண்டு நாள் கழித்து யுத்தம் ஓய்ந்தது. 16ஆம் திகதி மிச்சிகன் விவசாயக் கல்லூரியிடம் 13க்கு 7 என்று தோல்வி. 23ஆம் திகதி பேடியூவை 26க்கு 6 என்று வென்றார்கள். 28ஆம் திகதி நெப்ராஸ்காவோடு இரு தரப்பும் புள்ளியேதும் பெறவில்லை. மூன்று வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமநிலை. புதிய பயிற்றுநரின் முதற் கணக்கு இவ்வளவே.

அன்றே தீர்ப்பிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? கல்லூரி பொறுத்திருந்தது. 1919இலும் 1920இலும் அணி ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதையும் வென்றது. 1924இல் பத்துக்குப் பத்து. அப்பருவத்தின் கடைசி ஆட்டத்தில், 1925ஆம் ஆண்டுப் புதுவருட நாளில், கலிபோர்ணியாவில் ஸ்ரான்போட் அணி 27க்கு 10 என்று தோற்றது. கத்தோலிக்கரை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. அமெரிக்க நகரங்களில் கூலிவேலை செய்த அயர்லாந்து, போலந்து, இத்தாலிக் குடியேறிகள் அக்கல்லூரியின் வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. ஆயினும் அதன் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

ஆனால் வாசகர்களே, றொக்னியின் மிகப் பெரிய நாள் மைதானத்தில் அமைந்ததன்று. பதினைந்து ஆண்டுகள் குருமாரிடையே வாழ்ந்தும் அவர் லூதரனாகவே இருந்தார். யாரும் அவரை நெருக்கவில்லை. வெளியூர் ஆட்டங்களுக்குப் போன இடங்களில், அவருடைய மாணவர்கள் அதிகாலையில் நித்திரை விட்டெழுந்து, பூசை கண்டு நற்கருணை வாங்கிய பின்பே மைதானம் சென்றார்கள். அந்தக் காட்சியே தம்மை உள்ளூரத் தொட்டதென அவர் பின்னர் கூறியதுண்டு. 1925 நவம்பர் 20ஆம் திகதி, கல்லூரி வளவிலுள்ள மரக்குற்றிச் சிற்றாலயத்தில், வண. வின்சென்ற் மூனி அடிகளாரின் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். மறுநாள் அணிக்கு ஆட்டம் இருந்தது.

பின்னரும் இறக்கம் வந்தது. 1928இல் ஒன்பது ஆட்டங்களில் நான்கில் தோல்வி. அவர் காலத்தில் அதைவிட மோசமான பருவம் இல்லை. அடுத்த ஆண்டு காலில் இரத்தக் குழாய் நோய் கண்டு, சக்கர நாற்காலியிலிருந்தபடி பயிற்சி கொடுத்தார். புதிய அரங்கு கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் சொந்த மைதானமும் இல்லை. ஆனாலும் அப்பருவத்தின் ஒன்பது ஆட்டங்களும் வெற்றி. அரங்கு திறந்த 1930இல் பத்தும் வெற்றி. பதின்மூன்று பருவங்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை என்பது அவரது முழுக் கணக்கு.

1931 மார்ச் 31ஆம் திகதி, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை, லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிச் சென்ற விமானம் கன்சாஸ் மாநிலத்தில் பசார் என்னும் சிற்றூருக்கு அருகே வீழ்ந்தது. மரத்தாலான அதன் இறக்கை முறிந்ததே காரணம். அதிலிருந்த எண்மரும் மாண்டனர். அவர்களுள் றொக்னியும் ஒருவர். மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச் சென்ற அவருக்கு வயது 43 மட்டுமே. அந்த மரணத்தால் எழுந்த பரபரப்பு, விமானங்களின் பாதுகாப்பை அரசு கடுமையாகச் சோதிக்கக் காரணமாயிற்று. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய பெரிய சனியன்று, நொத்தர்டேம் திரு இருதய ஆலயத்திலிருந்து அவர் பூதவுடல் அடக்கத்துக்குச் சென்றது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை முதற் தவணையில் பின்தங்கினால் றொக்னியின் 1918ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இளைஞரே, நீங்கள் ஞாயிறு காலையில் சத்தமின்றி எழுந்து கோவிலுக்குப் போவதை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மாணவர்கள் தங்கள் பயிற்றுநருக்குப் போதனை எதுவும் செய்யவில்லை. நேரத்துக்கு எழுந்தார்கள், அவ்வளவுதான்.