ஒரே மேட்ச்ல 13 தடவை கோட்டை விட்ட கேட்சர்... திறமையைத் தேடிப் பிடிச்ச பிராஞ்ச் ரிக்கியின் கதை!

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும்போது சானமாவு காட்டைப் பார்த்திருப்பீர்கள். ராகி விளையும் சீசனில் யானைக் கூட்டம் வந்து இறங்கும் அதே சானமாவுதான். அந்தப் பக்கத்து ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். எங்கேயாவது ஒரு டென்னிஸ் பால் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு தூங்காமல் வந்த பசங்க, ஐ.டி.ஐ படிக்கிற பசங்க, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் கத்தல். அதில் ஒருத்தன் பவுண்டரியிலிருந்து எறியும் பந்து, தரையைத் தொடாமல் நேராக கீப்பர் கைக்கு வரும். நாமும் 'செம த்ரோ' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

அந்த த்ரோவை யார் குறித்து வைத்துக்கொள்கிறார்கள்? கேள்வியே அதுதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜனை, 2017 ஐ.பி.எல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அதற்குப் பல வருடம் முன்பே யாரோ ஒருவர் அவரைக் கவனித்திருக்க வேண்டும் இல்லையா? ஊர் ஊராகப் போய் இப்படிக் கவனிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஆளுக்கு ஸ்கவுட் என்று பெயர். அந்த வேலையை ஒரு பெரிய சிஸ்டமாக மாற்றியவர் ஒரு அமெரிக்கர். பேஸ்பால் ஆட்டக்காரராக அவர் படு சுமார்.

பெயர் பிராஞ்ச் ரிக்கி. 1881 டிசம்பர் 20-ம் தேதி, ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் மெத்தடிஸ்ட் கிறிஸ்தவப் பக்தி அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஆடுவதில்லை என்று முடிவெடுத்தார். கலெக்‌ஷன் அள்ளுகிற நாளே ஞாயிறுதான் என்றிருந்த தொழிலில் இப்படி ஓர் ஆள்! பின்னாளில் பெரிய நிர்வாகியான பிறகும் ஞாயிறு மேட்ச்சுக்கு மைதானம் பக்கம் போகமாட்டார். ஆனால் அன்றைய வசூலை மட்டும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே பத்திரிகைக்காரர்கள் அவரைக் கிண்டலடித்தார்கள்.

பேஸ்பாலில் அவர் கேட்சர். நம்ம ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். எதிரணி ஆள் அடுத்த பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடும்போது, பந்தை வேகமாக எறிந்து அவனை அவுட்டாக்க வேண்டியது இவர் பொறுப்பு. 1907 ஜூன் 28-ம் தேதி நியூயார்க் அணிக்காக இறங்கினார். ஏற்கெனவே தோள் வலி. வாஷிங்டன் அணி அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரே ஆட்டத்தில் 13 முறை பேஸ் திருடினார்கள். எந்த கேட்சரும் மறக்க விரும்பும் சாதனை அது. அதோடு ஆட்டக்காரர் ரிக்கியின் கதை கிட்டத்தட்ட முடிந்தது.

அடுத்து காசநோய். மாத்திரையே இல்லாத காலம், சானடோரியத்தில் படுத்திருந்து பிழைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், கூடவே அங்கே பேஸ்பால் கோச். வக்கீல் தொழில் ஓடவில்லை. ஆனால் அந்த மிச்சிகன் மைதானத்துக்கு ஜார்ஜ் சிஸ்லர் என்ற முதலாண்டு மாணவன் பந்து வீச வந்தான். ரிக்கி அவனை மனசுக்குள் குறித்துக்கொண்டார். பிறகு செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியை நடத்தும் வேலை கிடைத்தபோது அவனை அங்கே கொண்டுவந்தார். அந்த சிஸ்லர் 1920-ல் ஒரே சீசனில் 257 ஹிட் அடித்தார். அதை முறியடிக்க 2004-ல் ஜப்பானிலிருந்து இச்சிரோ வர வேண்டியிருந்தது. 84 வருஷம்!

சரி, இனிதான் மேட்டர். 1917-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு ரிக்கி தலைவராகிறார். அணியிடம் பணமே இல்லை. அந்தக் காலத்தில் சின்ன ஊர் கிளப்புகள் பசங்களை வளர்க்கும், பெரிய கிளப்புகள் காசு கொடுத்து வாங்கும். ரிக்கிக்குக் கண் நன்றாக இருந்தது, பாக்கெட் காலி. இவர் ஒரு பையனைப் பற்றி விசாரித்தாலே போதும், ரிக்கி கேட்கிறார் என்றால் சரக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று பணக்கார கிளப்புகள் அதிக விலை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

வாங்க முடியாதா, விளைவித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார். விவசாயி மகன் அல்லவா! ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிரக்யூஸ் என்று சின்ன ஊர் கிளப்புகளில் ஒவ்வொன்றாகப் பங்கு வாங்கினார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்தவெளி முகாம் போட்டார். வந்தவர்களை ஓடவிட்டுப் பார்ப்பார், எறியவிட்டுப் பார்ப்பார், கடைசியாகத்தான் அடிக்கவிட்டுப் பார்ப்பார். அடிப்பதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், கால் வேகத்தையும் கை வலுவையும் யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அவர் கணக்கு. தேறியவன் கடைநிலை அணியில் சேர்ந்து, படிப்படியாக மேலே வரணும். ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை: ஐ.டி.ஐ முடித்த பையனை அப்ரன்டிஸாக எடுத்து, லைனில் நிறுத்திப் பழக்கி, தேறினால் பர்மனென்ட் ஆக்குகிற அதே வழிதான்.

1930-களின் கடைசியில் கார்டினல்ஸ் கையில் 30-க்கும் மேற்பட்ட சின்ன அணிகள். பருத்தி எடுக்கும் குடும்பத்திலிருந்து வந்த டிஸ்ஸி டீன், சுரங்க, இரும்பாலை ஊரிலிருந்து வந்த ஸ்டான் மியூசியல் எல்லாம் இந்த வயலில் விளைந்தவர்கள். மியூசியல் கதையைக் கேளுங்கள். பந்துவீச்சாளராகத்தான் சேர்ந்தார். 1940-ல் தோளில் அடிபட்டது. தனி ஆளாக இருந்திருந்தால் அன்றோடு ஊருக்கு பஸ் ஏறியிருக்கலாம். வளர்க்கிற சிஸ்டம் இருந்ததால் பேட்டிங்குக்கு மாறிக்கொள்ள நேரம் கிடைத்தது. கடைசியில் மொத்தம் 3,630 ஹிட். ரிக்கி இருந்த காலத்தில் கார்டினல்ஸ் 1926, 1931, 1934, 1942 என நான்கு முறை சாம்பியன்.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். ரிக்கியை சாமியாக்கி எழுதிய கட்டுரைகள் நிறைய உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றைய ஒப்பந்தப்படி ஒரு பையன் கையெழுத்துப் போட்டால் கிளப்பாகப் பார்த்து விற்கும்வரை அல்லது கழற்றிவிடும்வரை அவன் அந்த கிளப்பின் சொத்து. 1975-ல்தான் அந்தப் பிடி உடைந்தது. ரிக்கி நூற்றுக்கணக்கான பசங்களை இப்படி அடியில் பிடித்து வைத்திருந்தார். மேலே இடமில்லை, வெளியே போகவும் வழியில்லை. 1938-ல் பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் தலையிட்டு, கார்டினல்ஸ் பிடியிலிருந்த 70-க்கும் மேற்பட்ட வீரர்களை விடுவித்தார். இதற்கு மேல் ஒரு விஷயம்: வீரர்களை விற்கிற காசில் ரிக்கிக்குப் பங்கு உண்டு. சம்பள விஷயத்தில் அவரைப்போல ஒரு கஞ்சனைப் பார்த்ததில்லை என்று அவரால் வளர்ந்தவர்களே புலம்பினார்கள்.

அதே மனுஷன்தான் அடுத்து செய்ததையும் செய்தார்.

இளம் வயதில் கல்லூரி அணிக்கு கோச்சாக இருந்தபோது, அணியில் சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். வெளியூர் மேட்ச்சுக்குப் போன இடத்தில் ஹோட்டல்காரர் தாமஸுக்கு ரூம் தர மறுத்துவிட்டார். ரிக்கி சண்டை போட்டு, தன் ரூமிலேயே அவருக்கு ஒரு கட்டில் போடவைத்தார். அன்றிரவு தாமஸ் தன் கைத்தோலை உரித்து எடுத்துவிடுவதுபோலத் தேய்த்துக்கொண்டு அழுததை ரிக்கி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அமெரிக்காவில்தான் என்று நினைக்காதீர்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு புனேயில், தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவின் பந்தை நம்பித்தான் இந்து அணியே இருந்தது. டீ இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே நிற்கவைத்து மண் குவளையில் டீ.

1942 கடைசியில் ரிக்கி புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு வந்தார். மேஜர் லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. சட்டம் எதுவும் இல்லை, ஆனாலும் எடுக்கமாட்டார்கள். கறுப்பினத்தவருக்காகவே புதிதாக ஓர் அணி தொடங்கப்போவதாக ரிக்கி அறிவித்தார். உண்மையில் அது ஒரு மறைப்பு. அந்தப் பெயரில் அவருடைய ஸ்கவுட்டுகள் நீக்ரோ லீக் மைதானங்களுக்கு சந்தேகம் வராமல் போய்வந்தார்கள். 1945 ஆகஸ்ட்டில் கிளைட் சுக்ஃபோர்த் என்ற ஸ்கவுட் சிகாகோ போனார். பார்க்கப்போன ஆட்டக்காரருக்குத் தோள் காயம், ஒரு பந்துகூட எறிந்து காட்ட முடியாத நிலை. ஆனாலும் ஆளிடம் பேசிப் பார்த்துவிட்டு, கையோடு புரூக்ளினுக்கு அழைத்துவந்துவிட்டார். அவர்தான் ஜாக்கி ராபின்சன்.

ஆகஸ்ட் 28. ரிக்கியின் ஆபீஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேச்சு. ஸ்டாப் வாட்ச் இல்லை, பேட் இல்லை. ரிக்கி எழுந்து நின்று, ரூம் தராத ஹோட்டல் கிளார்க்காக, வம்பிழுக்கும் எதிரணி ஆளாக, ஒவ்வொரு வேஷமாக நடித்து ராபின்சன் முகத்துக்கு நேராக அசிங்க அசிங்கமாகத் திட்டினார். திருப்பி அடிக்காமல் தாங்குவாரா என்பதுதான் டெஸ்ட். அடிக்கத் தெரிந்தவரிடம் அடிக்காமல் இருக்கும் வாக்குறுதியைக் கேட்டார். பாரம் முழுக்க ராபின்சன் தலையில்தான் என்பதை இன்று படிக்கும்போது நமக்கே கோபம் வருகிறது. ராபின்சன் ஒப்புக்கொண்டார். மான்ட்ரியல் அணியில் ஒரு வருடம். பிறகு 1947 ஏப்ரல் 15-ல் புரூக்ளின் மைதானத்தில் இறங்கினார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே.

ராபின்சன் ஆடிவந்த கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் கிளப்புக்கு ரிக்கி ஒரு காசும் கொடுக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போகப்போக, கறுப்பினத்தவர் கட்டியெழுப்பிய அந்த லீக்குகளே சில வருடங்களில் கரைந்துபோயின.

அடுத்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். 1952-ல் அந்த அணி 112 மேட்ச் தோற்றது, தேடிப்பிடித்த பசங்க எல்லாம் பிஞ்சு. ஆனால் தோற்றதில் ஒரு லாபம்: கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு, மற்ற கிளப்புகளின் கீழ்நிலை வீரர்களிலிருந்து முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. 1954-ல் அதே சுக்ஃபோர்த், வேறொரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில், பயிற்சியின்போது ஒரு போர்ட்டோ ரிக்கோ இளைஞன் எறிந்த த்ரோவைப் பார்த்தார். டாட்ஜர்ஸ் அவனை அதிகம் ஆடவிடாமல் வைத்திருந்தது. 4,000 டாலருக்கு பைரேட்ஸ் அள்ளிக்கொண்டது. ராபர்ட்டோ கிளெமென்டே! 1960-ல் பைரேட்ஸ் சாம்பியன் ஆனபோது ரிக்கி பதவியில் இல்லை.

பள்ளி, கல்லூரி மாணவர்களை எல்லா கிளப்புகளும் வரிசை போட்டுப் பிரித்துக்கொள்ளும் டிராஃப்ட், முதல்முறையாக 1965 ஜூனில் நடந்தது. கடைசி இடத்து அணிக்கு முதல் வாய்ப்பு என்ற அதே முறை. அதற்கு முந்தைய வருடம் ஒரு கல்லூரி மாணவனுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும் அளவுக்குப் போட்டி முற்றியிருந்தது, அதை அடக்கவும்தான் இந்த ஏற்பாடு. முதல் ஆளாக ரிக் மண்டே தேர்வானார். 294 பேரை எடுத்த பிறகு, 295-வதாக நியூயார்க் மெட்ஸ் ஒரு டெக்சாஸ் பையனை எடுத்தது. நோலன் ரயான். பேஸ்பால் வரலாற்றிலேயே அதிக ஸ்டிரைக் அவுட் எடுத்தவர்! இத்தனை ஸ்கவுட் கண்கள் இருந்தும் 294 பேருக்கு அப்புறம்தான் அவர் தெரிந்திருக்கிறார்.

அதே வருடம் நவம்பர் 13-ல், மிசூரியில் ஒரு விருது விழா மேடையில் பேசிக்கொண்டிருந்த ரிக்கி அப்படியே சரிந்தார். டிசம்பர் 9-ம் தேதி, 84 வயதுக்கு 11 நாள் இருக்கும்போது காலமானார்.

நம்ம நாட்டு கனெக்‌ஷன் ஒன்றும் பாக்கி இருக்கிறது. 2008-ல் அமெரிக்கர்கள் இந்தியாவில் ஊர் ஊராகப் போய், பந்தை வேகமாக எறியும் பசங்களைத் தேடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். தேறிய உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் ஒப்பந்தம் செய்தது, ரிக்கி இருந்த அதே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்தான். இருவருமே மேஜர் லீக்வரை போகவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த ஷோவுக்குப் போய்விட்டார். அந்தக் கதை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாக வந்தது. மியூசிக் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.