புளோரன்ஸ் நைட்டிங்கேல்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் (மே 12, 1820 - ஆகஸ்ட் 13, 1910) ஓர் ஆங்கிலேயச் செவிலியர், எழுத்தாளர், புள்ளியியலாளர் ஆவார். கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களை இரவில் விளக்குடன் சென்று பார்வையிட்டதால் விளக்கேந்திய சீமாட்டி என அழைக்கப்பட்டார். நவீன செவிலியர் பணிக்கு அடித்தளமிட்டவராகக் கருதப்படுகிறார்.

இளமை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே இவருக்கு இடப்பட்டது. அக்காலத்தில் செவிலியர் பணி மதிப்புக் குறைந்ததாக எண்ணப்பட்டதால் குடும்பத்தினர் இவரது விருப்பத்தை எதிர்த்தனர். எனினும் 1851இல் செருமனியின் கைசர்சுவெர்த்தில் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு நிலையத்தின் கண்காணிப்பாளரானார்.

கிரிமியப் போர்

நவம்பர் 1854இல் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். மருத்துவர்கள் முதலில் இவர்களை விரும்பவில்லை. மருத்துவர்கள் கேட்கும் வரை தம் செவிலியர் நோயாளிகளைக் கவனிக்கக் கூடாது என்றும், உத்தரவின்றி உணவுகூடக் கொடுக்கக் கூடாது என்றும் நைட்டிங்கேல் கட்டுப்பாடு விதித்தார். நோயாளிகள் துன்புறுவதைக் கண்டும் காத்திருக்க நேர்ந்ததால் இம்முடிவு செவிலியர் சிலருக்குக் கசப்பாயிருந்தது. ஆனால் அதுவே மருத்துவர்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது.

இவர் வந்த பின்னரும் இறப்புகள் உடனே குறையவில்லை. மார்ச் 1855இல் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர் வழிகளையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின்னரே பெருமளவு குறைந்தன. போருக்குப் பின் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே மிகுதியான வீரர்கள் இறந்தனர் என்பதை வரைபடங்கள் மூலம் காட்டினார்.

செவிலியர் பணி பற்றிய நூல்

போர்க்களத்தில் பெற்ற நோயால் நெடுங்காலம் படுக்கையில் இருந்த நைட்டிங்கேல், 1859இல் செவிலியர் பணி குறித்த குறிப்புகளை நூலாக வெளியிட்டார். இது வீட்டில் நோயாளிகளைப் பேணும் பெண்களுக்காக எழுதப்பட்டது.

மருந்துகளைத் தாமாகவே கொடுப்பதை இந்நூல் கடுமையாகக் கண்டிக்கிறது. மருத்துவர் ஒருமுறை எழுதித் தந்த பாதரச மாத்திரையைச் சில சீமாட்டிகள் வாரத்துக்கு இருமுறை, மும்முறை பேதி மருந்தாகத் தாமும் உண்டு பிறருக்கும் கொடுத்து வந்தனர். அத்தகைய ஒருவரைப் பற்றி நைட்டிங்கேல் மருத்துவருக்குத் தெரிவிக்க, அவர் தீங்கு குறைந்த மாத்திரையை மாற்றித் தந்தார். புதிய மாத்திரை தமக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை என்று அப்பெண் நைட்டிங்கேலிடமே வந்து குறைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் மருத்துவரை அழைப்பதே பாதுகாப்பானது என்பது இவரது கருத்து.

மருத்துவரின் முடிவு செவிலியர் தரும் செய்தியைச் சார்ந்தது என்பதால், கேட்கும் முறையையும் இவர் விளக்கினார். நோயாளி நன்றாக உறங்கினாரா என்று பொதுவாகக் கேளாமல், எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் உறங்கினார் என்று கேட்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர் தாம் இல்லாத வேளையிலும் பணி தவறாமல் நடக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

நோயாளியிடம் பேசுவோர் அவர் தலையைத் திருப்பத் தேவையில்லாதபடி எதிரே அமர வேண்டும். அறைக்கு வெளியே நின்று கிசுகிசுப்பது அவரை வதைப்பதாகும். விரைவில் நலமாகிவிடும் என்ற வெற்று ஆறுதல்கள் நோயாளியைத் தன் உண்மையான கவலையைச் சொல்ல முடியாமல் தனிமைப்படுத்தும் எனவும் எழுதினார்.

பிற்காலம்

1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் இவரது பெயரிலான நிதியத்தின் உதவியுடன் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவுக்கு வந்ததில்லை எனினும், அங்கிருந்த படையினரின் சுகாதாரம் பற்றிய அரச ஆணைக்குழுவின் 1863ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பெரும்பங்கு ஆற்றினார். 1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910இல் இலண்டனில் காலமானார். இவரது பிறந்த நாளான மே 12 பன்னாட்டுச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.