பொருள்களை நிறுத்துப் பார்த்த பேரறிஞர் அல்-பிரூனி

பருப்பொருள் என்றால் என்ன என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், இடத்தை அடைத்துக்கொள்வது, நிறை உடையது என்று ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடும். ஒப்புவிப்பது எளிது. ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, அவ்வளவு இடத்திற்கு அது எவ்வளவு கனக்கிறது என்பதைத் தம் கையாலேயே அளந்து அறிவது அரிது. அந்த அரிய செயலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியவர் அபூ ரைஹான் அல்-பிரூனி. தமிழ்த்துறை மலரில் அறிவியலாருக்கு என்ன இடம் என்று எவரும் எண்ண வேண்டா. உண்மையை நாடிய ஒரு மனிதரின் வாழ்வு எல்லாத் துறையினருக்கும் உரியதே.

மத்திய ஆசியாவில் குவாரிஸ்ம் நாட்டின் காத் நகர்ப்புறத்தில் ஹிஜ்ரி 362, கி.பி. 973-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அப்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. அரச குடும்பத்தைச் சார்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். ஆனால், 995-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இருபத்திரண்டு வயது இளைஞர் பிறந்த மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தது. ரைய் நகரிலும், பின்னர் குர்கான் அரசவையிலும் வாழ்ந்த அவர், பண்டைய சமுதாயங்களின் காலக்கணக்குகளை ஆராயும் பெருநூல் ஒன்றை 1000-ஆம் ஆண்டையொட்டி இயற்றினார்.

இளமைக் காலத்தில் அவருக்கும், தம்மினும் ஏறத்தாழ ஏழு வயது இளையவரான இப்னு சீனாவுக்கும் இடையே கடிதங்கள் வழியே அறிவுப் போர் ஒன்று நிகழ்ந்தது. அரிஸ்டாட்டிலின் கொள்கைகளைக் குறித்து அல்-பிரூனி பல வினாக்களைத் தொடுத்தார். அவற்றுள் சில, இன்றைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கத்தக்கவை. குளிர்ச்சியால் பொருள்கள் சுருங்கும் என்றால், நீர் நிறைந்த குப்பி உறைபனியில் ஏன் உடைகிறது? பனிக்கட்டி திடப்பொருளாயிற்றே, அது நீரில் மூழ்காமல் ஏன் மிதக்கிறது? காற்றை உறிஞ்சி எடுத்த குப்பியை நீரில் கவிழ்த்தால் நீர் ஏன் மேலேறுகிறது?

பனிக்கட்டியின் உள்ளே காற்றுத் தன்மை தங்கியிருப்பதால் அது மிதக்கிறது என்று இப்னு சீனா விடையிறுத்தார். உறையும்போது நீர் விரிந்து கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் அதன் அடர்த்தி குறைகிறது என்பதே சரியான விளக்கம் என்பதை நாம் இன்று அறிவோம். அதே விரிவுதான் குப்பியையும் உடைக்கிறது. சரியான விடை அன்று எவரிடமும் இல்லை. ஆயினும் அல்-பிரூனியின் பெருமை அவ்வினாக்களில்தான் அடங்கியிருக்கிறது. எத்துணைப் பெரிய ஆசானின் கொள்கையாயினும், கண்முன் மிதக்கும் பனிக்கட்டிக்கு அது விடை சொல்லியாக வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார்.

பின்னர் அவர் தாயகம் திரும்பி அரசவையில் பணியாற்றினார். 1017-இல் கஜினி மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது, அறிஞர் பலருடன் அவரும் கஜினிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாமாக விரும்பி ஏற்ற வாழ்வன்று அது. எனினும் அவர் மனம் தளரவில்லை. இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது சமஸ்கிருதம் கற்றார். இந்திய மக்களின் சமயத்தையும் கணிதத்தையும் வானியலையும் பற்றிய பெருநூலை 1030-இல் நிறைவு செய்தார். பஞ்சாபின் நந்தனா கோட்டையருகே மலையொன்றின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்.

உலோகங்களையும் மணிகளையும் பற்றிய அவருடைய ஆய்வே நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஒரு பொருளை நீரில் அமிழ்த்தினால், அதன் பருமனுக்கு ஈடான நீர் விலகும் என்பது ஆர்க்கிமிடிஸ் காலத்திலிருந்தே அறியப்பட்டதுதான். அதனை நுட்பமான அளவீடாக்கும் கருவியை அல்-பிரூனி அமைத்தார். அடி அகன்று கழுத்துக் குறுகிய கூம்பு வடிவக் கலம் அது. கழுத்தின் பக்கவாட்டில் கீழ்நோக்கி வளைந்த ஒரு குழாய் உண்டு. குழாயின் மட்டம்வரை நீர் ஊற்றி, முன்னரே எடை அறிந்த பொருளை உள்ளே இட்டால், விலகும் நீர் குழாய் வழியே கீழேயுள்ள தராசுத் தட்டில் விழும். அந்நீரின் எடையிலிருந்து பொருளின் பருமன் தெரிந்துவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் சிறிதளவு நீர் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது. குறுகிய கழுத்தில் ஒரு துளியும் மறையாது. கழுத்தைக் குறுக்கியதன் காரணம் இதுவே.

உலோகங்களுக்குத் தங்கத்தையும், மணிகளுக்கு நீல யாகூத்தையும் அவர் அளவுகோலாகக் கொண்டார். 100 மிஸ்கால் தங்கம் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவு இடத்தை அடைக்கும் ஈயம் ஏறத்தாழ 59 மிஸ்கால், வெள்ளி 54, இரும்பு 40 என்று அவர் கண்டார். இன்றைய அளவீடுகளின்படி அவை முறையே 59, 54, 41 ஆகும். மின்விளக்கும் மின்தராசும் இல்லாத காலத்தில் கிடைத்த இந்தத் துல்லியம் வியப்பூட்டுகிறது. செம்மணியையும் அதனைப் போலவே சிவந்து ஒளிரும் பதக்ஷான் நாட்டுக் கல்லையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். அடர்த்தியோ அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். நிறம் ஏமாற்றலாம், பளபளப்பு ஏமாற்றலாம், நிறையும் பருமனும் சேர்ந்து ஏமாற்றுவதில்லை. அவருடைய அளவீடுகளை அல்-காஸினி என்னும் அறிஞர் 1121-இல் எழுதிய ஞானத் தராசு என்னும் நூலில் பேணிவைத்தார்.

மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண்கள் உருகிவிடும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் நூல்களிலும் மக்கள் நாவிலும் பரவியிருந்தது. அல்-பிரூனி அதனை மறுத்தும் பேசவில்லை, நம்பவும் இல்லை. பாம்பொன்றை வைத்து, மரகத மாலையை அதற்கு அணிவித்தும் முன்னே தொங்கவிட்டும், வெப்ப காலத்திலும் குளிர் காலத்திலும் மாதக்கணக்கில் சோதித்தார். பாம்பின் கண்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அதனையே தம் மணிநூலில் எழுதிவைத்தார்.

மஸ்ஊது சுல்தானுக்கு அர்ப்பணித்த வானியல் பெருநூலுக்காக யானை சுமக்கும் அளவு வெள்ளி பரிசாக வந்தபோது, அதனை அவர் திருப்பி அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர் யாகூத் குறிப்பிடுகிறார். அவருடைய இறுதி நாளைப் பற்றியும் யாகூத் ஒரு செய்தியைத் தருகிறார். படுக்கையில் கிடந்தவரைக் காண ஒரு சட்ட அறிஞர் வந்தார். முன்பொரு நாள் விளக்கத் தொடங்கிய வாரிசுரிமைக் கணக்கைப் பற்றி அல்-பிரூனி அவரிடம் கேட்டார். இந்நிலையிலுமா என்று வந்தவர் தயங்கினார். அறியாமல் உலகை விட்டுப் பிரிவதினும் அறிந்து பிரிவதே மேல் என்பது நோயாளியின் விடையாக இருந்தது. அறிஞர் விளக்கினார், அவரும் மனத்தில் இருத்திக்கொண்டார். விடைபெற்றவர் வழியிலேயே இருக்கும்போது வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது. கஜினியில் ஹிஜ்ரி 440, கி.பி. 1048-இல் அவர் மறைந்ததாக மரபு கூறும்.

நம் முன்னோர் அறிவியலில் சிறந்து விளங்கினர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசுவதில் தவறில்லை. ஆனால், அல்-பிரூனியின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, அவருடைய தராசைக் கையில் எடுக்காதிருந்தால், பருப்பொருளின் இலக்கணத்தை ஒப்புவிக்கும் பிள்ளைக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. கேட்டதை அப்படியே ஏற்காமலும், ஆராயாமல் தள்ளாமலும், நிறுத்துப் பார்த்து உண்மை காண்பதே அவர் விட்டுச்சென்ற செல்வம். அச்செல்வத்திற்கு வாரிசுகளாகும் தகுதியை நம் மாணவச் செல்வங்களுக்கு வல்ல இறைவன் வழங்குவானாக!