புற்றுநோய்க்கும் சூலகத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ஜார்ஜ் பீட்சன்

இலங்கையின் திருகோணமலையில் 1848ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜார்ஜ் தாமஸ் பீட்சன். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரிடம் பயிற்சி பெற்றார். மார்பகப் புற்றுநோய்க்காகத் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வரும் பெண்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அந்த மாத்திரையின் கதை இவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

படிப்பை முடித்த காலத்தில், மேற்கு ஸ்காட்லாந்தில் ஒரு நோயாளியை உடனிருந்து கவனிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஓய்வு நேரம் நிறைய இருந்தது. பக்கத்தில் ஆட்டுப் பண்ணை. குட்டிகளைப் பால் மறக்கடிக்கும் பருவம். அதைப் பார்த்தவர், பால் சுரப்பையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த நம்மவர்களுக்கு, கன்று வளர வளரப் பால் வற்றும் என்பது தெரியும். ஆனால் சில நாடுகளில், கன்று ஈன்ற மாட்டின் சூலகத்தை அகற்றிப் பாலை நீண்ட காலம் வற்றாமல் வைத்திருந்தார்கள். பீட்சனுக்கு இது பெரிய வியப்பு. எங்கோ உள்ளே இருக்கும் ஓர் உறுப்பு மார்பகத்தை எப்படி ஆட்டிவைக்கிறது? ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது. அது 1905இல்தான் வந்தது. பால் சுரக்கும் காலத்தில் உயிரணுக்கள் பெருகுவதும் புற்றுநோயில் பெருகுவதும் ஒன்றுபோலத் தெரிவதை அவர் கவனித்து வைத்தார். புற்றுநோய் ஒட்டுண்ணியால் வருகிறது என்று பலர் நம்பிய காலம் அது. அவர் அதை ஏற்கவில்லை.

1895இல் கிளாஸ்கோ புற்றுநோய் மருத்துவமனையில் அவரிடம் 33 வயதுப் பெண் ஒருவர் வந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். ஏற்கெனவே மார்பகத்தை அகற்றியிருந்தும் நோய் திரும்பிவிட்டது. இனி அறுக்க இடமில்லை. பீட்சன் அவரிடமும் கணவரிடமும் தம் எண்ணத்தை எடுத்துச் சொன்னார். இருவரும் சம்மதித்தார்கள். ஜூன் 15ஆம் தேதி சூலகங்கள் அகற்றப்பட்டன. எட்டு மாதங்களில் கட்டிகள் இருந்த தடமே இல்லை. 1896இல் லான்செட் இதழில் இதை வெளியிட்டார். அந்தப் பெண் சுமார் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். குறைவுதான், ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டுகள் அம்மா இருந்தார்.

மற்ற மருத்துவர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே பலன் கிடைத்தது. ஏன் என்று தெரியாமலே 1933இல் பீட்சன் காலமானார்.

விடை பிறகு வந்தது. 1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் கதிரியக்க அடையாளமிட்டு அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தார். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஒன்று சில உயிரணுக்களில் மட்டும் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் துரையின் உத்தரவைக் கேட்டு ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன்தான் உத்தரவு, ஏற்பி கங்காணி, வேலைக்குப் போகும் ஆட்கள் மரபணுக்கள். ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பி மரபணுக்களின் மேல் போய் அமர்ந்து, பெருகச் சொல்லும் மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. இத்தகைய புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறார்கள். சூலகத்தை எடுத்தால் உத்தரவு நின்றுவிடும். ஆனால் கங்காணியே இல்லாத புற்றுநோயில் உத்தரவு நின்றாலும் ஒன்றுதான், வந்தாலும் ஒன்றுதான். சில புற்றுநோய்களில் இன்னொரு சிக்கல்: உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து வேறு சமிக்ஞைகள் வந்து, துரை உத்தரவு இல்லாமலேயே கங்காணியைக் கிளப்பிவிடும்.

கருத்தடைக்காகத் தயாரிக்கப்பட்டு அதற்கு உதவாமல் போன தமொக்சிஃபென், மார்பகத்தில் இந்த ஏற்பியை அடைத்து வைக்கிறது. 1973இல் பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பீட்சன் கத்தியால் செய்ததில் பெரும்பகுதியை மாத்திரை செய்யத் தொடங்கியது. ஆண்களின் புரோஸ்டேட் புற்றுநோயிலும் ஹார்மோனைக் குறைத்தால் நோய் தணியும் என்று 1941இல் காட்டிய சார்ல்ஸ் ஹக்கின்ஸ், 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

கிளாஸ்கோவின் புற்றுநோய் மையம் இன்றும் பீட்சன் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டியின் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், திரும்பி வரும் அறிக்கையில் ‘இ.ஆர்.’ என்று ஒரு வரி இருக்கும். கங்காணி உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதை அந்த வரிதான் சொல்கிறது.