இதற்கு மேல் சுருக்க முடியாது

நம்ம முகாம் குறிப்புகளை அனுப்புவதற்காகக் கோப்பைச் சுருக்கினேன். பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இன்னும் குறையட்டுமே என்று, சுருக்கினதையே மறுபடியும் சுருக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை! ஏன் என்று தேடப் போய்த்தான் கிளாட் ஷேனனைத் தெரிந்துகொண்டேன்.

1916-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போதே முள்கம்பி வேலியைத் தந்திக் கம்பியாக்கி, அரை மைல் தள்ளியிருந்த நண்பன் வீட்டுக்குச் செய்தி அனுப்பியவர். கணிதம், மின்பொறியியல் இரண்டிலும் பட்டம் வாங்கி, 1941-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

1948-இல், 32 வயதில், செய்தியை அளக்க ஒரு வழி சொன்னார். முன்கூட்டியே ஊகிக்க முடிந்ததில் செய்தி குறைவு; எதிர்பாராததில்தான் அதிகம். ஒரே மந்திரத்தை 108 தடவை எழுதிய தாளை எடுத்துக்குங்க. மந்திரத்தை ஒரு முறை எழுதி, பக்கத்தில் 108 என்று போட்டால் போதும், முழுத் தாளும் திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் எல்லாம் அப்படிச் சுருங்காது. ஒழுங்கான நாணயத்தை 1,000 தடவை சுண்டினால், தலையா பூவா என்று குறித்து வைக்க 1,000 பிட் வேணும். பத்துக்கு ஒன்பது தடவை தலையே விழும் நாணயம் என்றால், சராசரியாக 469 பிட் அளவுக்குக் குறைக்கலாம். அதுக்குக் கீழே போனால் ஏதாவது தொலையும். எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது என்று ஷேனன் நிரூபித்தார். என் கோப்பில் ஊகிக்கக்கூடியது எல்லாம் முதல் தடவையே போய்விட்டது. மிச்சம் இருந்தது சரக்கு மட்டும்தான்.

எல்லையைக் காட்டினாரே தவிர, ஒவ்வோர் எழுத்துக்கும் மிகச் சிறந்த குறியீடு அமைக்கும் வழி அவருக்கும் கிடைக்கவில்லை. அதை 1951-இல் கண்டுபிடித்தவர் எம்.ஐ.டி. மாணவர் டேவிட் ஹஃப்மன். தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுத ஆசிரியர் கொடுத்த கணக்கு அது. யாரும் தீர்க்காத கணக்கு என்று அவருக்குத் தெரியாது!

ஷேனன் பெரிய பந்தா இல்லாத மனுஷர். ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவார், பந்துகளை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுவார், வழி கண்டுபிடிக்கும் எலி பொம்மை செய்வார். கடைசிக் காலத்தில் மறதி நோய் அவர் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. 2001-இல், 84 வயதில் காலமானார். உலகமே அவர் கணக்கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அதை உணரும் நிலையில் அவர் இல்லை. அதைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துவிட்டது.

நம்மால் முடியாது என்று எதையாவது விடுவதற்கு முன்னால், அது நிரூபித்த எல்லையா, இல்லை யாரும் இன்னும் தீர்க்காத கணக்கா என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம். ஷேனன் முதலாவதைக் கண்டார். ஹஃப்மன் இரண்டாவதைத் தீர்த்தார்.