கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) அமெரிக்கக் கணினி அறிவியலாளரும் கடற்படை அதிகாரியும் ஆவார். நியூயார்க் நகரில் பிறந்த இவர் 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1944 இல் ஹார்வர்ட் மார்க் 1 கணினியின் நிரலாளர்களுள் ஒருவரானார்.

அக்காலத்தில் நிரலாளர்கள் முன்பே எழுதப்பட்ட துணைநிரல்களைக் கையால் பார்த்தெழுதி, அவற்றின் முகவரிகளையும் தாமே கூட்டித் திருத்தினர். வழுக்கள் பல இவ்வாறு படியெடுக்கையிலேயே புகுந்தன. இவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் நோக்கில், யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்னும் தொகுப்பியை 1952 இல் இவர் உருவாக்கினார். துணைநிரலின் குறியெண்ணைத் தந்தால், அதனை நாடாவிலிருந்து எடுத்து முகவரிகளைப் பொருத்துவது ஏ-0 இன் பணி. இன்றைய வழக்கில் இதனை இணைப்பி என்பதே பொருந்தும். பின்னர் இவரது குழு உருவாக்கிய புளோ-மேட்டிக் மொழி, கோபோல் மொழிக்கு அடிப்படையாயிற்று.

செப்டம்பர் 9, 1947 அன்று மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியைப் பணியாளர்கள் பதிவேட்டில் ஒட்டிவைத்தனர். 'பக்' என்னும் சொல் அன்றே தோன்றியது என்று பரவலாகக் கூறப்படுவது சரியன்று. எடிசன் காலத்திலேயே அது பொறியியலாளரிடையே வழங்கியது. பூச்சியைக் கண்டெடுத்தவரும் ஹாப்பர் அல்லர். இந்நிகழ்வைப் பலமுறை எடுத்துரைத்துப் பரப்பியவர் இவரே.

1986 இல் தமது 79 ஆம் வயதில், ரியர் அட்மிரல் நிலையில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார்.